பெயரின் பொருளும் குடும்பப்பெயரின் சான்றும்

கேள்வி: மதிப்பிற்குரிய பெயராய்வாளர் அவர்களுக்கு, நான் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவள், என் கணவர் பிலிப்பைன்ஸைச் சேர்ந்தவர். எங்களுக்கு விரைவில் குழந்தை பிறக்கவிருக்கிறது. பெண்ணாக இருந்தால் ‘வனெஸா’ என்று வைக்க நான் விரும்புகிறேன்; ‘மரியா’ என்று வைக்கவேண்டும் என்பது மாமியாரின் விருப்பம். பெயர்ப் பட்டியல்களைப் பார்த்தால், வனெஸாவுக்கு ‘வண்ணத்துப்பூச்சி’ என்றும் ‘ஒளிர்பவள்’ என்றும், மரியாவுக்குக் ‘கசப்பு’, ‘கடலின் விண்மீன்’, ‘அன்புக்குரியவள்’ என்றும் ஆளுக்கொரு பொருள் போட்டிருக்கிறார்கள். எதை நம்புவது? இரண்டாவதாக, என் கணவரின் குடும்பப்பெயர் ஸ்பானிய மொழிப் பெயர். முன்னோர் ஸ்பெயினிலிருந்து வந்தவர்கள் என்பதற்கு இந்தப் பெயரே சான்று என்று அவர்கள் வீட்டில் உறுதியாகச் சொல்கிறார்கள். அது சரியா? மூன்றாவதாக, எங்கள் வீட்டில் குடும்பப்பெயர் என்ற ஒன்றே கிடையாது. என் பெயரை அடுத்து வருவது என் அப்பாவின் பெயர். படிவங்களில் அதையே குடும்பப்பெயராகப் பதிந்துவிடுகிறார்கள். குழந்தையின் பதிவில் இதை எப்படிக் கையாள்வது?

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் மூன்று கேள்விகள் கேட்டிருந்தாலும் மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே குழப்பம்தான். ஒரு பெயர் எந்தச் சொல்லிலிருந்து, எந்தச் சூழலில் பிறந்தது என்பது ஒரு கேள்வி. அந்தப் பெயரைத் தாங்கியவர்களும் வைத்தவர்களும் அதை என்னவாக எண்ணினார்கள் என்பது வேறு கேள்வி. முதற்கேள்விக்குப் பழைய ஆவணங்களும் மொழி வரலாறும் விடை சொல்லவேண்டும். இரண்டாவதற்கு மக்களின் வழக்கமே விடை. பெயர்ப் பட்டியல்களைத் தொகுப்பவர்கள் இவ்விரண்டையும் கலந்து, ‘பொருள்’ என்ற ஒரே தலைப்பின்கீழ் ஒரு வரியில் அடக்கிவிடுவதால்தான் உங்களுக்கு இத்தனை விடைகள் கிடைத்திருக்கின்றன.

வனெஸாவிலிருந்து தொடங்குகிறேன். பிறந்த காலமும் பெற்றவரும் இவ்வளவு தெளிவாகத் தெரிந்த பெயர்கள் மிகக் குறைவு. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அயர்லாந்து எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட், தமக்கு நெருக்கமாயிருந்த எஸ்தர் வான்ஹோம்ரி என்னும் பெண்ணைத் தம் கவிதையில் மறைபெயரால் குறிப்பதற்காக இதை உருவாக்கினார். அப்பெண்ணின் குடும்பப்பெயரின் முதல் அசையான ‘வான்’ என்பதையும், எஸ்தர் என்பதன் செல்லவடிவமான ‘எஸ்ஸா’வையும் சேர்த்தால் வனெஸா. அந்த ‘வான்’ டச்சு மொழியில் ‘இன்ன ஊரைச் சேர்ந்த’ என்று மட்டும் பொருள்படும் இடைச்சொல்; அப்பெண்ணின் தந்தை டச்சு வழியில் வந்தவர். எஸ்தர் என்பதோ பாரசீகத்தில் விண்மீனைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததா, இஷ்தார் என்னும் பழைய மெசப்பொத்தேமியத் தெய்வத்தின் பெயரிலிருந்து வந்ததா என்பது அறிஞரிடையே இன்னும் முடியாத விவாதம். ஆகவே, சொற்பிறப்பை மட்டும் பிடிவாதமாகக் கேட்டால், வனெஸா என்ற பெயருக்குத் தனிப்பொருள் எதுவும் இல்லை என்பதே நேரான விடை.

அப்படியானால் வண்ணத்துப்பூச்சி எங்கிருந்து வந்தது? 1807இல் டென்மார்க்கின் பூச்சியியலாளர் யோஹான் கிறிஸ்தியான் ஃபாப்ரிசியஸ், வண்ணத்துப்பூச்சிகளில் ஒரு பேரினத்துக்கு ‘வனெஸா’ என்று பெயரிட்டார். ஸ்விஃப்ட் அந்தப் பெயரை உருவாக்கிப் பல பத்தாண்டுகள் கடந்தபின் நடந்தது இது. பூச்சியின் பெயரிலிருந்து பெண்ணின் பெயர் வரவில்லை, வரிசை நேர்மாறானது. ‘ஒளிர்பவள்’ என்பது ஃபானீஸ் என்னும் கிரேக்கத் தெய்வத்தின் பெயரோடு ஒலி ஒற்றுமையை வைத்துப் பிற்காலத்தில் ஒட்டிய விளக்கம். ஒலி ஒத்திருப்பதை உறவுக்குச் சான்றாகக் கொள்வதே பெயர்விளக்கங்களில் நேரும் பெரும்பாலான பிழைகளுக்குக் காரணம்.

மரியாவின் கதை இதற்கு எதிர்த்திசையில் செல்கிறது. வனெஸாவின் தொடக்கம் பட்டப்பகல்போல் தெரிகிறது. மரியாவின் தொடக்கம் மிகப் பழைமையானது. எபிரேயத்தின் மிரியாம் என்பதே கிரேக்க, இலத்தீன் வழியாக மரியா ஆயிற்று என்பதில் ஐயமில்லை. ஆனால் மிரியாம் என்பதற்கு எபிரேயத்தின் ‘கசப்பு’ என்ற சொல்லோடு உறவு காட்டுவாரும் உண்டு, எகிப்திய மொழியின் ‘அன்பு’ என்ற வேரோடு இணைப்பாரும் உண்டு. நீங்கள் கண்ட ‘கசப்பு’, ‘அன்புக்குரியவள்’ என்ற இரண்டும் இந்த விவாதத்தின் இரு கட்சிகள். பட்டியல் தொகுப்பாளர் ஒரு கட்சியை மட்டும் தீர்ப்பாக எழுதிவிட்டார். ‘கடலின் விண்மீன்’ என்பது இவ்விரண்டிலிருந்தும் வேறான வகை. விவிலியத்தை இலத்தீனில் மொழிபெயர்த்த புனித ஜெரோம் அந்தப் பெயரைக் ‘கடலின் துளி’ என்று இலத்தீனில் விளக்கினார் என்றும், துளியைக் குறிக்கும் ‘ஸ்தில்லா’ என்ற சொல், படியெடுத்தவர்களின் கையில் விண்மீனைக் குறிக்கும் ‘ஸ்தெல்லா’ ஆகிவிட்டது என்றும் பல அறிஞர் கருதுகின்றனர். ஓரெழுத்துப் பிறழ்வில் தோன்றிய அந்த விண்மீன் பல நூற்றாண்டுகளாக வழிபாட்டுப் பாடல்களிலும், தேவாலயங்களின் பெயர்களிலும், கப்பல்களின் பெயர்களிலும் நிலைத்திருக்கிறது. கடலோடிகள் தங்களைக் காக்கும் தாயாக மரியாவை வேண்டியபோது அவர்கள் மனத்தில் இருந்தது விண்மீன்தான். சொற்பிறப்பாக அதை ஏற்கமுடியாது. அந்தப் பெயர் மக்களிடையே பெற்ற பொருளாக அதை மறுக்கவும் முடியாது. உங்கள் மாமியார் மனத்தில் இருப்பதும் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைப் பொருளாகத்தான் இருக்கும்.

இங்கே இன்னொன்றையும் சொல்லவேண்டும். பெயர் என்றால் அதற்குள் ஒரு வாக்கியம் ஒளிந்திருக்கவேண்டும் என்ற எதிர்பார்ப்பு எல்லாப் பண்பாடுகளுக்கும் பொருந்தாது. மெசப்பொத்தேமியாவின் அக்காதியப் பெயர்கள் உண்மையிலேயே வாக்கியங்கள்: விவிலியத்தின் வழியே நாம் அறிந்த நெபுகத்நேச்சார் என்ற அரசனின் பெயருக்கு ‘நபூ தெய்வமே, என் வழித்தோன்றலைக் காப்பாயாக’ என்று பொருள். எபிரேயத்தில் மிகாயேல் என்பது ‘இறைவனுக்கு நிகர் யார்?’ என்னும் கேள்வி. ஆனால் பழைய ஜெர்மானிய மக்கள் பெயரை அமைத்த முறை வேறு. வெற்றி, போர், அமைதி, ஓநாய், தலைக்கவசம், புகழ் போன்ற சில சொற்கள் பெயருறுப்புகளாக வழங்கின. தந்தையின் பெயரிலிருந்து ஓர் உறுப்பு, தாயின் பெயரிலிருந்து ஓர் உறுப்பு என்று எடுத்து இணைப்பதும் வழக்கம். 6ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டுப் பகுதியில் வாழ்ந்த ஃபிரெடெகுண்ட் என்ற அரசியின் பெயரில் முதற்பகுதி ‘அமைதி’, பின்பகுதி ‘போர்’. இதற்கு ‘அமைதிக்காகப் போரிடுபவள்’ என்று அழகான விளக்கம் எழுதுவோர் உண்டு. அவர்கள் வாக்கியமாக இல்லாத ஒன்றை வாக்கியமாக்குகிறார்கள். உறவைக் காட்டுவதே அந்த இணைப்பின் வேலையாக இருந்தது.

பொருள் இனிமையாக இருந்தாகவேண்டும் என்பதும் பொதுவிதி அன்று. கிளாடியா என்ற பெயருக்கு அடியாக இருக்கும் இலத்தீன் சொல் கால் ஊனமுற்றவரைக் குறிப்பது. செசிலியாவுக்கு அடியாக இருப்பது பார்வையற்றவரைக் குறிப்பது. இரண்டும் உரோமக் குலப்பெயர்களிலிருந்து வந்தவை. இவற்றைப் பெண்களுக்குச் சூட்டிய எவரும் அந்தச் சொல்லை நினைத்துச் சூட்டவில்லை. மங்கோலியாவில் ‘பெயரில்லை’ என்று பொருள்படும் நெர்கூய், ‘இது அன்று’ என்று பொருள்படும் எனெபிஷ் போன்ற பெயர்கள் உண்டு. தீய ஆவிகள் குழந்தையைக் கண்டுகொள்ளாமல் கடந்துபோகட்டும் என்பதற்காகவே அவை வைக்கப்பட்டன. மேற்கு ஆப்பிரிக்காவின் யொருபா மக்களிடையே, அடுத்தடுத்துக் குழந்தைகளை இழந்த வீட்டில் பிறந்த பிள்ளைக்குக் கொசோகோ என்று பெயரிடுவதுண்டு. குழிவெட்ட ‘மண்வெட்டி இல்லை’ என்பது அதன் பொருள். ஒரு பட்டியலில் இந்தப் பொருளை மட்டும் தனியே படித்தால் விந்தையாகத் தோன்றும். யார், எப்போது, எதற்காக வைத்தார்கள் என்று சேர்த்துப் படித்தால், குழந்தையை எப்படியாவது தக்கவைத்துக்கொள்ள முனைந்த பெற்றோரின் பெயராக அது தெரியும்.

கானாவின் அக்கான் மக்களுடைய கிழமைப் பெயர்களும் அத்தகையவையே. வெள்ளிக்கிழமை பிறந்த ஆண் கோஃபி. சனிக்கிழமை பிறந்தவன் குவாமே. திங்கட்கிழமை பிறந்தவன் கோஜோ. ஐக்கிய நாடுகள் அவையின் தலைமைச் செயலாளராக இருந்த கோஃபி அன்னானும், கானாவின் முதல் குடியரசுத் தலைவர் குவாமே என்க்ருமாவும் இப்படிப் பெயர் பெற்றவர்கள். அடிமைகளாகக் கடல் கடத்தப்பட்டவர்களோடு இந்தப் பெயர்களும் கரீபியத் தீவுகளுக்குச் சென்றன. ஜமைக்காவில் தப்பிச்சென்று மலைகளில் வாழ்ந்த மரூன் மக்களின் தலைவராக இருந்து, 1739இல் ஆங்கிலேயரோடு உடன்படிக்கை செய்துகொண்டவரின் பெயர் கஜோ. எழுத்துமாறிய கோஜோதான் அது. அங்கே அந்தப் பெயர் கிழமையை மட்டும் சொல்லவில்லை. அடிமைகளை வைத்திருந்த ஆண்டைகள் பிடுங்கிக்கொள்ள முடியாமல் போன ஒரு பிறப்பிடத்தையும் சொல்லியது.

இனிப் பெயர்ப் பட்டியலைப் பார்க்கும்போது எதைக் கவனிக்கவேண்டும் என்று கேட்டால், நான் முதலில் தேடுவது பெயரின் மிகப் பழைய எழுத்துவடிவத்தை. அடுத்து, அது எந்த மொழிக்கு உரியது, எந்த நூற்றாண்டில் தென்படுகிறது என்பதை. விளதிமீர் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய ரஷ்ய மொழியில் ‘மீர்’ என்றால் உலகம் அல்லது அமைதி என்பதால் ‘உலகை ஆள்பவன்’ என்ற விளக்கம் ரஷ்யர்களுக்கே இயல்பாகத் தோன்றும். ஆனால் பழைய வடிவத்தில் அந்த இறுதிப்பகுதி ‘மேர்’; அதற்குப் பெருமை அல்லது புகழ் என்பது பொருள். தாய்மொழியாளருக்குத் தோன்றும் விளக்கம் என்பதாலேயே அது சரியாகிவிடாது. பண்டைக்காலத்தவர் சொன்னார்கள் என்பதாலும் ஆகிவிடாது. உரோமப் பேச்சாளர் சிசெரோவின் பெயர் கொண்டைக்கடலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அவருடைய முன்னோர் ஒருவரின் மூக்குநுனியில் கடலையின் பிளவுபோன்ற வடு இருந்தது என்கிறார் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க். கடலையைச் சிறப்பாகப் பயிரிட்டதால் வந்த பெயர் என்கிறார் உரோம எழுத்தாளர் பிளினி. இருவருமே சிசெரோவுக்குப் பிந்தைய நூற்றாண்டுகளில் எழுதியவர்கள். அப்போதே ஒரு குடும்பப்பெயரின் கதை இரண்டாகப் பிரிந்திருந்தது. ஆகவே, எந்த மொழி, எந்தக் காலம் என்று குறிப்பிடாமல் பொருளை மட்டும் தரும் பட்டியலை நான் ஒருபோதும் சான்றாகக் கொள்வதில்லை.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இதற்கு விரிவாகவே பதில் சொல்லவேண்டும். ஏனெனில் குடும்பப்பெயரை வம்சத்தின் முத்திரையாக எண்ணுவது உலகெங்கும் உள்ள வழக்கம், அதற்கு மிகத் தெளிவான எதிர்ச்சான்று கிடைக்கும் நாடு பிலிப்பைன்ஸ்.

ஸ்பானியர் அங்கே 1565 முதல் 1898 வரை ஆண்டனர். ஆயினும் அங்கே குடியேறி வாழ்ந்த ஸ்பானியரின் எண்ணிக்கை மிகச் சிறியது. கிறிஸ்தவத்தைத் தழுவிய உள்ளூர் மக்களில் பலர், ‘சிலுவையின்’ என்று பொருள்படும் தே லா குரூஸ், ‘புனிதர்களின்’ என்று பொருள்படும் தே லோஸ் சாந்தோஸ் போன்ற சமயப் பெயர்களைத் தாமே சேர்த்துக்கொண்டனர். ஒரே வீட்டில் உடன்பிறந்தவர்கள் வெவ்வேறு பெயர்களைக் கொண்டிருந்தனர். வரி வசூலிப்பவருக்கும், உறவுமுறை பார்த்துத் திருமணம் செய்துவைக்கும் பாதிரியாருக்கும் இது பெருஞ்சிக்கலாக இருந்தது. அதனால் 1849இல் ஆளுநர் நார்சிசோ கிளவேரியா ஓர் ஆணை பிறப்பித்தார். அகரவரிசையில் தொகுத்த குடும்பப்பெயர்ப் பட்டியல் ஒன்று அச்சிடப்பட்டு, அதன் பக்கங்கள் மாகாணங்களுக்கும், அங்கிருந்து ஊர்களுக்கும் பிரித்து அனுப்பப்பட்டன. குடும்பத்தலைவர்கள் தங்கள் ஊருக்கு வந்த பக்கத்திலிருந்து ஒரு பெயரைப் பெற்றுக்கொண்டனர். அந்தப் பட்டியலில் ஸ்பெயினின் குடும்பப்பெயர்களோடு மரம், விலங்கு, ஊர் முதலியவற்றைக் குறிக்கும் ஸ்பானியச் சொற்களும், தகாலோக் முதலிய உள்ளூர் மொழிச் சொற்களும் இருந்தன. பக்கங்கள் பிரிந்து சென்றதன் தடயமாக, பழைய குடும்பங்களின் பெயர்கள் எல்லாம் ஒரே எழுத்தில் தொடங்கும் ஊர்கள் இன்றும் அங்கே இருக்கின்றன.

ஆகவே உங்கள் கணவரின் குடும்பப்பெயர் ஸ்பானியச் சொல் என்பது, முன்னோர் ஒருவர் 1849க்குப் பின் ஒரு பதிவேட்டில் இடம்பெற்றார் என்பதற்கு வலுவான சான்று. அவர் ஸ்பெயினிலிருந்து வந்தார் என்பதற்குச் சான்றே அன்று. அதே வேளையில், மறுப்புக்கும் அது சான்றாகாது. நான்கு தலைமுறையாக ஒரே குடும்பப்பெயரைத் தாங்கிவந்ததாகக் காட்டமுடிந்தவர்கள் அதை வைத்துக்கொள்ள ஆணையில் இடமிருந்தது. எனவே உண்மையை அறிய விரும்பினால், குடும்பத்தின் சொந்த ஊர்த் தேவாலயத்தில் உள்ள திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகளை இன்றைய தலைமுறையிலிருந்து ஒவ்வொரு படியாகப் பின்னோக்கிப் பாருங்கள். 1849க்கு முன்பும் அதே பெயர் தொடர்கிறதா, அல்லது அந்த ஆண்டையொட்டித் திடீரெனத் தோன்றுகிறதா என்பதே தீர்மானமான கேள்வி. பக்கத்து வீடுகளின் பெயர்களும் அதே எழுத்தில் தொடங்குகின்றனவா என்று பார்ப்பது விரைவான முதற்சோதனை. முடிவு எதுவாயினும் மாமியாரிடம் அதைச் சொல்லும்போது ஒரு பொய்யை வெளிப்படுத்தும் தொனியில் சொல்லாதீர்கள். பெயரைப் பார்த்து வழிவந்த கதையை அவர் நம்பியிருக்கிறார், அவ்வளவுதான்.

பிலிப்பைன்ஸில் சீன வழிப் பெயர்களிலும் இதைப் போன்ற சுவையான செய்திகள் உண்டு. முன்னாள் குடியரசுத் தலைவர் கொராசோன் அக்கினோவின் பிறந்தவீட்டுப் பெயர் கொஹுவாங்கோ. தென்சீனாவின் ஹொக்கியென் மொழி பேசிய முன்னோர் ஒருவருடைய முழுப்பெயரும், அதன் இறுதியில் ‘அண்ணன்’ என்று மரியாதைக்காகச் சேர்த்தழைத்த ‘கோ’ என்ற சொல்லும் ஒட்டி ஒரே குடும்பப்பெயராக உறைந்துபோனது அது. ஸ்பானிய எழுத்துக்கூட்டலில் பார்ப்பவருக்கு அது சீனப்பெயராகவே தோன்றாது.

அரசின் ஆணையால் குடும்பப்பெயர் வந்தது பிலிப்பைன்ஸில் மட்டுமன்று. ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் யோசேஃப் 1787இல் தம் ஆட்சிப்பகுதி யூதர்களுக்கு நிலையான ஜெர்மானியக் குடும்பப்பெயரைக் கட்டாயமாக்கினார். ஜப்பானில் எளிய மக்களுக்கு அது 1870இல் அனுமதிக்கப்பட்டு 1875இல் கட்டாயமாயிற்று. தாய்லாந்தில் 1913இல் மன்னர் வஜிராவுத் சட்டம் இயற்றியதோடு, 6,000க்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குத் தாமே பெயர் சூட்டினார். துருக்கியின் சட்டம் 1934ஆம் ஆண்டினது; முஸ்தஃபா கெமாலுக்கு ‘அதாதுர்க்’ என்ற பெயர் வழங்கப்பட்டதும் அப்போதுதான். இந்த நாடுகளில் பல குடும்பங்களின் பெயர், தாத்தாவின் தாத்தாவுக்குத் தெரியாத பெயர்.

கொரியாவில் இன்று ஐவரில் ஒருவருக்குமேல் கிம் என்ற குடும்பப்பெயர் இருக்கிறது. அவர்கள் எல்லோரும் ஒரு பண்டை அரசகுலத்தின் வழித்தோன்றல்கள் அல்லர். குடும்பப்பெயர் இல்லாதிருந்த எளிய மக்கள் ஜோசொன் அரசகுல ஆட்சியின் பிற்பகுதியிலும், 1909இல் குடிப்பதிவுச் சட்டம் வந்தபோதும் மதிப்புள்ள பெயர்களை ஏற்றுக்கொண்டதே இதன் காரணம். அங்கே கிம் என்று மட்டும் சொன்னால் போதாது, எந்த ஊர்க் கிம் என்றும் சொல்லவேண்டும். ஒரே ஊர்வழியைச் சேர்ந்த ஒரே பெயருடையவர்கள் மணந்துகொள்ளக்கூடாது என்ற சட்டத்தடையை அரசியலமைப்பு நீதிமன்றம் 1997இல்தான் நீக்கியது. வியட்நாமில் 1232இல் சான் அரசகுலம், தான் வீழ்த்திய லீ குலத்தவரை ‘நுயென்’ என்று பெயர்மாற்றிக்கொள்ளச் செய்தது. இன்று அந்நாட்டில் மிகப் பெரும்பான்மையாக வழங்கும் குடும்பப்பெயர் அதுவே.

தொழிலால் வந்த பெயர்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இங்கிலாந்தின் ஸ்மித், ஜெர்மனியின் ஷ்மிட், ரஷ்யாவின் குஸ்னெத்சோவ், அரபு நாடுகளின் ஹத்தாத் ஆகிய எல்லாமே கொல்லரைக் குறிப்பவை. ஊருக்கு ஒரு கொல்லர் இருந்தார் என்பதைத்தான் அவை காட்டுகின்றன. அடுத்தடுத்த ஊர்களின் இரண்டு ஸ்மித் குடும்பங்களே உறவினராக இருக்கவேண்டிய கட்டாயமில்லை. வெளித்தோற்றத்தை நம்பக்கூடாது என்பதற்கு வேல்ஸ் நாட்டுப் பெயர்கள் நல்ல எடுத்துக்காட்டு. பிரைஸ் என்ற குடும்பப்பெயரை ஆங்கிலச் சொல்லாகப் படித்தால் ‘விலை’ என்று தோன்றும். உண்மையில் அது ‘ஆப் ரீஸ்’, அதாவது ‘ரீஸின் மகன்’ என்பதன் சுருக்கம். பவல் என்பது ‘ஆப் ஹவெல்’. மகன் என்ற சொல் தேய்ந்து ஒரு மெய்யெழுத்தாக மட்டும் முன்னே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அமெரிக்காவில் குடியேறியவர்களின் வீடுகளில் தவறாமல் கேட்கும் ஒரு கதையையும் இங்கே குறிப்பிட்டுவிடுகிறேன். நியூயார்க் துறைமுகத்தில் குடியேறுவோரைப் பதிவுசெய்த எல்லிஸ் தீவில் அதிகாரிகள் பெயர் புரியாமல் மாற்றி எழுதிவிட்டார்கள் என்பது அந்தக் கதை. அங்கிருந்த அதிகாரிகள் பெயர்களைப் புதிதாக எழுதவில்லை. கப்பல் புறப்பட்ட துறைமுகத்தில் தயாரான பயணியர் பட்டியலோடு சரிபார்த்தார்கள். பெயரை மாற்றிக்கொண்டவர்கள் பெரும்பாலும் குடியேறியவர்களே, அதுவும் பின்னாளில், வேலைக்காகவோ வசதிக்காகவோ. தாத்தா தாமே பெயரை மாற்றிக்கொண்டார் என்பதைவிட, யாரோ ஓர் அதிகாரி மாற்றினார் என்பது குடும்பத்துக்குச் சொல்ல எளிதாக இருந்திருக்கவேண்டும்.

மூன்றாவது கேள்வி உங்களைப் பற்றியது. குடும்பப்பெயர் இல்லாதது ஒரு குறை என்ற எண்ணத்தைப் படிவங்கள்தான் ஏற்படுத்தியிருக்கின்றன. ஐஸ்லாந்தில் பெரும்பாலோருக்கு இன்றும் குடும்பப்பெயர் இல்லை. தந்தை அல்லது தாயின் பெயரோடு ஆணுக்கு ‘சொன்’, பெண்ணுக்கு ‘தோத்திர்’ என்று சேர்க்கிறார்கள். குடியரசுத் தலைவராக இருந்த விக்தீஸ் ஃபின்போகாதோத்திர் என்பவரின் பெயருக்கு, ஃபின்போகியின் மகள் விக்தீஸ் என்று பொருள். அங்கே அச்சில் வந்த தொலைபேசிப் பட்டியலே இயற்பெயரின் வரிசையில்தான் இருந்தது. எத்தியோப்பியாவில் இயற்பெயர், தந்தை பெயர், தாத்தா பெயர் என்ற வரிசை. அங்குள்ள ஒருவரை இரண்டாம் பெயரால் அழைத்தால் அவருடைய தந்தையை அழைத்ததாகிவிடும். மியன்மாரைச் சேர்ந்தவரும் ஐக்கிய நாடுகள் அவையின் தலைமைச் செயலாளராக இருந்தவருமான ஊ தான்ட் என்பவருக்கு ‘தான்ட்’ மட்டுமே பெயர்; ‘ஊ’ மரியாதைச் சொல். அப்துல் என்று பலரையும் தனியாக அழைக்கிறோமே, அரபு மொழியில் அது முழுமையற்ற தொடர். அதன்பின் இறைவனின் பெயர்களுள் ஒன்று வந்தால்தான் ‘இன்னாருடைய அடியார்’ என்று நிறைவுபெறும். முதற்பெயர், இறுதிப்பெயர் என்ற இரு கட்டங்கள் இந்தப் பெயர்களில் எதற்கும் பொருந்தாது.

உங்கள் தந்தையின் பெயரைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் எழுதுவதில் தவறில்லை. கட்டம் கேட்பதை நிரப்புகிறீர்கள், அவ்வளவே. ஆனால் குழந்தையின் பதிவில் ஒரு புதிய நிலை உருவாகிறது. பிலிப்பைன்ஸ் வழக்கப்படி குழந்தையின் இயற்பெயருக்குப் பின் தாயின் பிறந்தவீட்டுக் குடும்பப்பெயர் நடுப்பெயராகவும், தந்தையின் குடும்பப்பெயர் இறுதியாகவும் வரும். அந்த முறையைப் பின்பற்றினால் உங்கள் தந்தையின் இயற்பெயர் குழந்தையின் நடுப்பெயராகிவிடும். அது ஒருவருடைய சொந்தப் பெயராக இருந்த நிலை முடிந்து, பரம்பரைப் பெயராகும் முதற்படி அதுவே. டென்மார்க்கில் 1828இல் சட்டம் வந்தபோது நடந்ததும் இதுதான்: யென்ஸ் என்பவரின் மகன் யென்சன் என்ற பெயர் அந்தத் தலைமுறையோடு உறைந்து, யென்ஸ் யாரென்றே அறியாத பேரப்பிள்ளைகளுக்கும் தொடர்ந்தது. உங்கள் அப்பாவுக்கு இதில் மகிழ்ச்சியா, தயக்கமா என்று பதிவுக்கு முன்பே அவரிடம் கேட்டுவிடுங்கள். அவர் தயங்கினால், உங்கள் குடும்பத்துக்குப் பொதுவான வேறொரு பெயரைப் பயன்படுத்தச் சட்டம் இடம்கொடுக்கிறதா என்று பதிவு அலுவலகத்தில் கேளுங்கள். மங்கோலியாவில் சோவியத் காலத்தில் மறைந்துபோன குலப்பெயர்கள் 1990களுக்குப் பின் மீண்டும் வந்தபோது, பலர் செங்கிஸ்கானின் குலப்பெயரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டனர். 1981இல் விண்வெளிக்குச் சென்ற குர்ரக்ச்சா மட்டும் ‘விண்வெளி’ என்று பொருள்படும் ‘சன்சார்’ என்பதைத் தம் குலப்பெயராக்கிக்கொண்டார். குடும்பப்பெயரின் தொடக்கம் எப்போதும் பழங்காலத்தில்தான் இருக்கவேண்டும் என்பதில்லை.

வனெஸாவா, மரியாவா என்பதை நான் முடிவுசெய்ய இயலாது. ஆனால் பிலிப்பைன்ஸில் மரியா என்பதை முன்னே வைத்து இன்னொரு பெயரைச் சேர்த்து இருபெயராக வழங்குவது மிகப் பரவலான வழக்கம் என்பதால், நீங்கள் இருவரும் விட்டுக்கொடுக்காமலே ஒத்துப்போகலாம். அப்படிச் செய்தால் ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். அங்கே மரியா என்பதை ஆங்கில எழுத்தில் முதலிரண்டு எழுத்துகளும் புள்ளியுமாக (‘Ma.’) சுருக்கி எழுதுவது வழக்கம். பிறப்புச் சான்றிதழில் சுருக்கமும் கடவுச்சீட்டில் முழுவடிவமும் இருந்தால், பின்னாளில் இரண்டும் ஒருவரையே குறிக்கின்றன என்று நிறுவவேண்டிய பொறுப்பு உங்கள் மகளுடையதாகிவிடும். முதல் பதிவிலேயே முழுவடிவத்தில் எழுதச் சொல்லுங்கள். இயற்பெயர், நடுப்பெயர், குடும்பப்பெயர் ஆகிய மூன்றின் எழுத்துக்கூட்டலையும் வரிசையையும் ஒரு தாளில் எழுதி, உங்கள் இருவரின் நாட்டுத் தூதரகங்களிலும் முன்கூட்டியே காட்டி, இரு நாட்டுப் பதிவிலும் அதே வடிவம் ஏற்கப்படுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.